திருப்பூர்: திறன்மிகு ஏழை மாணவர்களின் தொழில் ஆயத்தம்

பனியன் கம்பெனித் தொழிலாளர் குடும்பங்களின் திறமையான பிள்ளைகள் உயர்கல்விக்கும் வேலைக்கும் தயாராகும் நிலை பற்றிய குறிப்பு இது. இவர்களை இனங்காட்டுபவை பெரும்பாலும் தேர்வுகளே. எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வில் (2008 முதல்) தேர்வானால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பத்தாவது முடித்த பிள்ளை பனியன் கம்பெனியில் கைமடிக்கும் உதவியாளாகப் போனால் சில வாரச் சம்பளத்திலேயே ஓராண்டு உதவித்தொகையை ஈட்டிவிடும் என்பதால், இந்தத் தொகை மட்டும் யாரையும் பள்ளியில் நிறுத்திவைக்காது. பிழைப்புக்காக ஊர் மாறும் வெளிமாவட்ட, வடமாநிலக் குடும்பங்களில் படிப்பே நடுவில் அறுபடுகிறது.

உயர்கல்விச் சேர்க்கையில் அரசுப் பள்ளியினருக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வழிகாட்டலுக்கும் திறன் பயிற்சிக்குமான ‘நான் முதல்வன்’ 2022 மார்ச் 1-இல் தொடங்கியது. கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ அதே ஆண்டிலும், மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024-இலும் வந்தன.

ஓவர்லாக், பேட்லாக் தையல், செக்கிங் எல்லாம் வீட்டுப் பேச்சிலேயே பனியன் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பழக்கம். வாங்குபவருடன் பேசும் மெர்ச்சண்டைசர் வேலையோ, கணினியில் பேட்டர்ன் வரைவதோ அப்படியல்ல. உள்ளூரிலேயே 1997 முதல் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருந்தும் இந்த இடைவெளி எளிதில் குறைவதில்லை.