பதினோரு நாள் அல்ஜிப்ரா

போன கோடையில் ஒரு நாள் இரவு அமெரிக்காவிலிருந்து அக்கா போன் செய்தார். "பெரியவன் அல்ஜிப்ராவுல கோட்டை விட்டிருந்தான்ல, இப்ப கிரெடிட் வாங்கிட்டான்டா. பதினோரே நாள்!" குரலில் அப்படி ஒரு நிம்மதி. ஒன்பதாம் வகுப்பின் இரண்டாம் பருவ அல்ஜிப்ராவில் அவன் தேறவில்லை. பள்ளி கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு, சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மொத்தப் பாடத்தையும் முடித்துவிட்டான்.

வீடியோவில் அவன் முகம் தெரிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எக்ஸ் வர்க்கம், கழித்தல் ஐந்து எக்ஸ், கூட்டல் ஆறு. இதைக் காரணிப்படுத்து பார்ப்போம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "மாமா, அந்த யூனிட் முடிஞ்சிருச்சு" என்றான்.

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. 'முடிஞ்சிருச்சு' என்ற சொல்தான் உறுத்தியது. பையன் மேல் தப்பில்லை. அவன் வாங்கிய அந்த 'கிரெடிட்' என்பது என்ன, யார் கண்டுபிடித்தது, அது கம்ப்யூட்டருக்குள் எப்படிப் போனது என்று தேட ஆரம்பித்தேன். சில மாதம் படித்ததன் சுருக்கம் இது.

முதலில் ஒரு விளக்கம். நம் கல்லூரிப் பிள்ளைகள் 'அரியர்' என்று சொல்வதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரியர் வைத்தவன் மறுபடி பரீட்சை எழுதியாக வேண்டும். விடைத்தாளைத் திருத்துகிறவர் அவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பெரும்பாலும் அப்படி ஒரு வெளித்தேர்வு இல்லை. ஒரு பாடத்தை நடத்தி முடித்து, பள்ளியே 'தேறினார்' என்று எழுதினால் அது கிரெடிட். தேவையான கிரெடிட்டுகள் சேர்ந்தால் டிப்ளமா. விட்ட கிரெடிட்டைத் திரும்பப் பிடிக்கும் ஏற்பாட்டுக்குத்தான் 'கிரெடிட் ரெக்கவரி' என்று பெயர்.

இந்தக் கிரெடிட்டின் மூலத்தைத் தேடிப் போனால் ஒரு பென்ஷன் திட்டத்தில் போய் நிற்கிறது. 1905இல் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது? அந்தக் காலத்தில் 'கல்லூரி' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். எனவே கார்னகி அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்தது. உயர்நிலைப் பள்ளியில் 14 'யூனிட்' படித்தவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கே பென்ஷன். ஒரு யூனிட் என்றால் ஒரு பாடத்தில் ஓராண்டுப் படிப்பு, ஏறத்தாழ 120 மணி நேரம். கல்லூரிகள் பென்ஷனுக்காக ஒத்துக்கொண்டன, பள்ளிகள் கல்லூரிகளுக்காக ஒத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் நாடு முழுக்க அதுவே அளவுகோல் ஆனது. 'கார்னகி யூனிட்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

கவனியுங்கள், அது நேரத்தை அளக்கிறது. அந்த 120 மணி நேரத்தில் மாணவன் மண்டைக்குள் என்ன போனது என்பதை அது அளப்பதில்லை. அளப்பதாக அறக்கட்டளையும் சொல்லிக்கொள்ளவில்லை. 1900இல் பதினேழு வயதுப் பிள்ளைகளில் சுமார் 6 சதவீதம் பேர்தான் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். அந்தச் சிறு கூட்டத்துக்கு அந்த அளவுகோல் போதுமானதாக இருந்தது. 1940 வாக்கில் அது ஐம்பது சதவீதத்தைத் தொட்டபோதும் அளவுகோல் மாறவில்லை.

இதே காலத்தில் இன்னொரு கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அது வகுப்பறை எந்திரங்களின் கதை. 1920களில் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி, தட்டச்சுப்பொறி அளவில் ஒரு பெட்டி செய்தார். ஒரு கேள்வி தெரியும், நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒரு நெம்புகோலை மாற்றி வைத்தால், சரியான பொத்தானை அழுத்தும்வரை அடுத்த கேள்வி வராது. படித்ததும் என் மருமகன் ஞாபகம்தான் வந்தது. கற்றுக்கொடுக்கத்தான் பிரெஸ்ஸி அப்படிச் செய்தார். ஆனால் கெட்டிக்காரப் பையன் ஒருவன், படிக்காமலே நாலையும் வரிசையாக அழுத்தி முன்னேறலாம் என்று எவ்வளவு நேரத்தில் கண்டுபிடித்திருப்பான்!

பி.எஃப். ஸ்கின்னர் இந்த ஓட்டையைப் புரிந்துகொண்டவர். 1953இல் தன் மகளின் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தபோது இரண்டு விஷயம் அவருக்குப் பொறுக்கவில்லை. போட்ட கணக்கு சரியா தப்பா என்று பிள்ளைக்கு உடனே தெரிவதில்லை. வேகமாகப் படிப்பவனும் மெதுவாகப் படிப்பவனும் ஒரே வேகத்தில் போயாக வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டே தன் கற்பிக்கும் எந்திரத்தைக் காட்டினார். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை அவர் ஏற்கவில்லை. விடையை மாணவன் தானே உருவாக்க வேண்டும் என்றார். 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 'பிளேட்டோ' என்ற கணினிப் பாட அமைப்பைத் தொடங்கினார். 1968இல் பெஞ்சமின் புளூம் 'முழுத்தேர்ச்சிக் கற்றல்' என்ற கருத்தை எழுதினார். பள்ளிக்கூடம் நேரத்தை நிலையாக வைத்து, தேர்ச்சியைக் கூடக் குறைய விடுகிறது. அதைத் தலைகீழாக்கி, தேர்ச்சியை நிலையாக வைத்து நேரத்தைக் கூடக் குறைய விட்டால் பெரும்பாலான பிள்ளைகள் தேறுவார்கள் என்பது அதன் சாரம்.

கார்னகி நேரத்தை நிலைப்படுத்தினார். ஸ்கின்னரும் புளூமும் நேரத்தை அவிழ்த்துவிடப் பார்த்தார்கள். என் மருமகனின் பதினோரு நாளில் இரண்டும் கலந்திருக்கின்றன. பெயர் கார்னகியுடையது, வேகம் ஸ்கின்னருடையது. புளூம் கேட்ட தேர்ச்சி மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்பதுதான் என் கேள்வி.

1983இல் 'ஆபத்தில் ஒரு தேசம்' என்ற அறிக்கை வந்தது. ரீகன் ஆட்சிக் காலக் குழு ஒன்றின் அறிக்கை. அமெரிக்கப் பள்ளிப் படிப்பு நீர்த்துப்போய்விட்டது, எல்லா மாணவரும் நான்கு ஆண்டு ஆங்கிலம், மூன்று ஆண்டு கணிதம், மூன்று ஆண்டு அறிவியல், மூன்று ஆண்டு சமூக அறிவியல், அரை ஆண்டு கணினி படிக்க வேண்டும் என்றது. அமெரிக்கக் கல்வி எழுத்தில் ஓயாமல் அடிபடும் 'ரிகர்' என்ற சொல்லை நான் 'கனம்' என்றே எழுதுகிறேன். கனத்தைக் கூட்ட வேண்டும் என்றபோது அவர்கள் கூட்டியது ஆண்டுகளின் எண்ணிக்கையைத்தான், அதாவது கார்னகி யூனிட்டை. பெரும்பாலான மாநிலங்கள் டிப்ளமாவுக்கான கிரெடிட்டுகளை ஏற்றின.

பிறகு இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வந்தது. 2002இல் 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் கையெழுத்தானது. அதன் கீழ் 2008இல் வந்த விதிப்படி, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் டிப்ளமா வாங்கினார்கள் என்று எல்லா மாநிலமும் ஒரே முறையில் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. நல்ல விதிதான். அதுவரை ஆளுக்கொரு கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளை ஐந்தாம் ஆண்டில் முடித்தால் அந்த நான்காண்டுக் கணக்கில் சேராது. தேவையான கிரெடிட் கூடிவிட்டது, காலம் இறுகிவிட்டது. இந்த இடுக்கில்தான் ஆன்லைன் கிரெடிட் ரெக்கவரி வளர்ந்தது. அந்தப் பழைய 'பிளேட்டோ'வின் பெயரை வாங்கிய நிறுவனமும் இதே சந்தையில் பாடம் விற்றது. அந்த நிறுவனம் 2012இல் 'எட்மென்டம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

லாஸ் ஏஞ்சலஸில் இந்த இரண்டு நெருக்கடியும் நேருக்கு நேர் மோதின. ஏழை வட்டாரப் பள்ளிகளில் கல்லூரிக்குத் தேவையான பாடங்களே கிடைப்பதில்லை என்று பெற்றோரும் மாணவரும் போராடினார்கள். நியாயமான கோரிக்கை. 2005இல் அந்த நகரப் பள்ளி வாரியம் இறங்கி வந்தது. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் 'ஏ முதல் ஜி வரை' பாடத்தொகுதியை எல்லோரும் படித்தாக வேண்டும், 2016இல் முடிக்கும் வகுப்பிலிருந்து அது நடைமுறை என்று தீர்மானித்தது. அந்த ஆண்டும் வந்தது. பள்ளி இறுதியாண்டின் நடுவில் கணக்குப் பார்த்தால் பாதிப் பேருக்குச் சற்று மேல்தான் டிப்ளமா வாங்கும் நிலையில் இருந்தார்கள். உடனே கோடிக்கணக்கான டாலர் செலவில் கிரெடிட் ரெக்கவரி முடுக்கிவிடப்பட்டது. கோடைக்குள் தேர்ச்சி விகிதம் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆகிவிட்டது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'டி' தரம் வாங்கினாலே டிப்ளமா உண்டு என்று வாரியம் இடையில் தளர்த்தியிருந்தது. பல்கலைக்கழகமோ 'சி'க்குக் கீழே ஏற்காது. பல்கலைக்கழக வாசலைத் திறக்கத்தான் அந்தப் பாடத்தொகுதி வந்தது. பாடத்தின் பெயர் சான்றிதழில் ஏறியது, வாசல் பலருக்குத் திறக்கவில்லை.

தலைநகர் வாஷிங்டனில் இன்னும் மோசம். 2017இல் பாலு உயர்நிலைப் பள்ளியில் டிப்ளமா வாங்கிய எல்லோருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கொண்டாடினார்கள். சில மாதத்தில் வானொலிச் செய்தியாளர்கள் உண்மையைத் தோண்டி எடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் பள்ளிக்கே வரவில்லை. 2018 ஜனவரியில் வந்த தணிக்கையில், நகரம் முழுக்க டிப்ளமா வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் விதிக்குப் புறம்பாக வாங்கியிருந்தது தெரிந்தது. ஒரு பாடத்தில் தோற்பதற்கு முன்பே அந்தப் பாடத்தின் கிரெடிட் ரெக்கவரியில் பிள்ளைகளைச் சேர்த்த கதையும் அதில் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு 'ஆன்லைன் என்றாலே ஏமாற்று' என்று முடிவு கட்டப் போனேன். சிகாகோ ஆய்வு என்னைத் தடுத்தது. 2011, 2012 கோடைகளில், 17 பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பின் இரண்டாம் பருவ அல்ஜிப்ராவில் தோற்ற 1,224 மாணவர்கள். என் மருமகன் தோற்ற அதே பாடம்! அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஆசிரியர் முன்னால், மறுபாதி கணினி முன்னால். ஆசிரியர் வகுப்பில் 76 சதவீதம் பேர் தேறினார்கள், ஆன்லைனில் 66 சதவீதம். முடிவில் வைத்த பொதுவான தேர்விலும் ஆன்லைன் பிள்ளைகளின் மதிப்பெண் குறைவு. ஆனால் அந்தப் பிள்ளைகள் சொன்னது, ஆன்லைன் பாடம்தான் கஷ்டமாக இருந்தது என்று. அதாவது அங்கே கனம் இருந்தது. இரண்டாம் பருவப் பாடத்தை விட்டு அது இறங்கவில்லை. ஆசிரியர்களோ, பிள்ளைக்கு எங்கே கால் இடறியது என்று பார்த்து, முந்தைய பாடங்களுக்கும் இறங்கிப் போனார்கள்.

எனக்குக் கிடைத்த விடை இதுதான். எளிதான மென்பொருளைக் கொடுத்தால் கிரெடிட் வரும், கணக்கு வராது. கடினமான மென்பொருளைக் கொடுத்தால் பல பேருக்கு இரண்டுமே வராது. தோற்ற பிள்ளைக்குப் பற்றாக்குறையாக இருப்பது அவன் பக்கத்தில் உட்காரும் ஆளின் நேரம். எந்திரம் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொன்னதும் அதே நேரத்தைத்தான்.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். "அந்தக் கிரெடிட் இல்லேன்னா அவன் அடுத்த கணக்கு வகுப்புக்கே போயிருக்க முடியாதுடா. நண்பர்களெல்லாம் மேல போக, இவன் மட்டும் மறுபடி சின்னப் பசங்களோட உக்காரணுமா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைகள், நோயில் ஒரு பருவத்தை இழந்தவர்கள், வீடு மாறி மாறி அலைந்தவர்கள் எத்தனை பேரை இந்த ஏற்பாடு பள்ளியை விட்டு ஓடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதை மூடு என்று சொல்ல நான் யார்?

ஒன்று செய்தேன். இப்போது சனிக்கிழமைகளில், அவனுக்குக் காலை, எனக்கு இரவு, அரை மணி நேரம் வீடியோவில் உட்காருகிறோம். மூன்றாவது வாரம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. காரணிப்படுத்துவது அவனுக்குப் பிரச்சினையே இல்லை. மைனஸை மைனஸால் பெருக்கினால் என்ன வரும் என்பதில்தான் சிக்கல். ஏழாம் வகுப்பில் விட்டது. பதினோரு நாளில் எந்தத் திரையும் அதை அவனிடம் கேட்கவில்லை, நூற்றி இருபது மணி நேரத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. போன வாரம் அங்கிருந்து தொடங்கினோம்.