ஈடன் கார்டன்ஸ் கால்பந்து நெரிசல், 1980

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் (அன்றைய கல்கத்தா) ஈடன் கார்டன்ஸ் அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கால்பந்துக் கழகங்கள் லீக் ஆட்டமொன்றில் மோதின. ஆட்டத்தின்போது இரு தரப்பு ரசிகர்களிடையே மூண்ட சண்டையிலும் அதைத் தொடர்ந்த நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். எதிரணி ஆதரவாளர்கள் மீதான பகைமை இந்தியக் கால்பந்தில் ஏற்படுத்திய மிகப் பெரிய துயரங்களில் இது ஒன்று. எனினும் உயிர்ப்பலிக்குப் பகைமை மட்டுமே காரணமன்று. பகைமை கொண்ட இரு கூட்டத்தையும் ஒரே கேலரியில் அருகருகே அமர விட்ட ஏற்பாடும், ஆபத்து நேர்ந்தால் விரைந்து வெளியேற வழியில்லாமையும் அதற்குச் சமமான காரணங்கள். உலகின் பிற அரங்கங்களில் நிகழ்ந்த விபத்துகளும் இதே பாடத்தையே சொல்கின்றன.

இரு கழகங்களின் போட்டி

மோகன் பகான் 1889இல் தொடங்கப்பட்டது. 1911இல் அக்கழகம் கிழக்கு யார்க்சையர் ரெஜிமென்ட் என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை 2–1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிரான உணர்வு ஓங்கியிருந்த காலமாதலால், அவ்வெற்றி விளையாட்டைக் கடந்த பெருமையாகக் கொண்டாடப்பட்டது.

ஈஸ்ட் பெங்கால் 1920இல் தோன்றியது. பெயருக்கேற்பக் கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தாவில் குடியேறியவர்களின் கழகமாக அது வளர்ந்தது. 1947இல் நாடு பிரிக்கப்பட்டபின், வீடு வாசலை இழந்து எல்லை தாண்டி வந்த அகதிகள் பெருந்திரளாக அதன் பின்னால் நின்றனர். மேற்கு வங்காளத்தின் பழங்குடிகளை 'கொட்டி' என்றும் கிழக்கிலிருந்து வந்தவர்களை 'பாங்கால்' என்றும் அழைக்கும் வழக்கம் அங்கு உண்டு. பேச்சு வழக்கு, சமையல், திருமண உறவு என எல்லாவற்றிலும் இருந்த இந்த வேறுபாடு கால்பந்துத் திடலிலும் புகுந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் வாங்கிச் சமைப்பது இன்றும் தொடரும் வழக்கம்.

1925 மே 28இல் இரு அணிகளும் முதன்முறையாக லீக் ஆட்டத்தில் சந்தித்தன. ஈஸ்ட் பெங்கால் 1–0 என வென்றது. அதன்பின் ஒவ்வொரு தோல்வியும் அடுத்த ஆட்டம் வரை ஆறாத வடுவாக ஆனது. 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என வென்றது. அந்தத் தோல்வியின் கசப்பும் வெற்றியின் இறுமாப்பும் பல ஆண்டுகள் இரு தரப்பிலும் தணியாமல் இருந்தன.

1980 ஆகஸ்ட் 16

ஈடன் கார்டன்ஸ் அடிப்படையில் ஒரு கிரிக்கெட் அரங்கம். பெருங்கூட்டம் வரும் கால்பந்து ஆட்டங்களும் அக்காலத்தில் அங்கு நடத்தப்பட்டன. அன்று சுமார் 70,000 பேர் திரண்டிருந்தனர். இரு கழகங்களும் ஒரே நகரத்தவை என்பதால், பார்வையாளர்களில் வெளியூர் ரசிகர், உள்ளூர் ரசிகர் என்ற பிரிவு இல்லை. எனவே யார் எங்கே அமர வேண்டும் என்று திட்டமிட்டுப் பிரிப்பது இன்னும் இன்றியமையாததாக இருந்தது. ஆனால் ரஞ்சி ஸ்டேடியம் எனப்பட்ட கேலரியில் இரு அணிகளின் ஆதரவாளர்களும் கலந்து அமர்ந்திருந்தனர்.

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே முரட்டுத்தனமாக இருந்தது. இரண்டாம் பாதியில், மோகன் பகானின் ஓர முன்னணி ஆட்டக்காரர் பிதேஷ் போஸை ஈஸ்ட் பெங்காலின் தடுப்பாட்டக்காரர் திலீப் பாலித் கடுமையாகத் தடுத்து வீழ்த்தினார். போஸ் எழுந்து பதிலடி கொடுத்தார். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். திடலில் அத்துடன் முடிந்த தகராறு கேலரியில் தொடர்ந்தது. வாய்ச்சண்டை கைகலப்பாக மாறிக் கற்கள் பறந்தன. தப்பிக்க முயன்றவர்கள் ஒரே நேரத்தில் வெளிவாயிலை நோக்கி ஓடியதில் கீழே விழுந்தவர்கள் மிதிபட்டனர். பலர் மூச்சுத் திணறினர்.

ஆட்டம் நிறுத்தப்படவில்லை. கோல் ஏதுமின்றி முடிந்தபின்புதான் கேலரியில் நேர்ந்த சாவுகளின் முழு அளவு ஆட்டக்காரர்களுக்குத் தெரிய வந்தது. இறந்த 16 பேரும் விளையாட்டுப் பார்க்க வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள்.

பின்விளைவுகள்

அவ்வாண்டின் கல்கத்தா லீக் போட்டிகள் முடிக்கப்படாமலே கைவிடப்பட்டன. பாடகர் மன்னா டே இத்துயரத்தை ஒரு வங்காளப் பாடலாகப் பாடினார். ஆகஸ்ட் 16 கால்பந்து ஆர்வலர் நாளாக நினைவுகூரப்படுகிறது. அன்று இரத்ததான முகாம் நடத்தும் வழக்கமும் உள்ளது. 1984இல் சால்ட் லேக் அரங்கம் திறக்கப்பட்டபின் பெரிய ஆட்டங்கள் அங்கு மாற்றப்பட்டன. 1997 ஜூலை 13இல் இவ்விரு அணிகளும் ஆடிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1,30,000க்கும் மேற்பட்டோர் அங்கு கண்டனர்.

பகைமை அடியோடு மறைந்துவிடவில்லை. 2012 டிசம்பர் 9இல் சால்ட் லேக்கில் நடந்த ஐ-லீக் ஆட்டத்தில், மோகன் பகானின் ஒடாஃபா ஒகோலி வெளியேற்றப்பட்டதும் கலவரம் வெடித்தது. கேலரியிலிருந்து எறியப்பட்ட கல் மோகன் பகான் ஆட்டக்காரர் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது. இடைவேளைக்குப் பின் அவ்வணி திடலுக்குத் திரும்பவில்லை. அதற்காக விதிக்கப்பட்ட இரண்டாண்டுத் தடை பின்னர் நீக்கப்பட்டு, 2 கோடி ரூபாய் அபராதமாக மாற்றப்பட்டது.

பிற நாடுகளின் அனுபவம்

1985 மே 29இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உள்ள ஹெய்சல் அரங்கில், லிவர்பூல், யுவென்டஸ் அணிகளின் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்பு 39 பேர் இறந்தனர். பொதுப் பார்வையாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் இத்தாலியர் பலர் நின்றிருந்தனர். அடுத்த பகுதியிலிருந்த லிவர்பூல் ரசிகர்கள் இடைத்தடுப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்தபோது, ஒதுங்கிய கூட்டத்தின் அழுத்தத்தில் சுவர் இடிந்தது. ஆங்கிலேயக் கழகங்கள் ஐந்தாண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. ஈடனில் நேர்ந்தது போலவே இங்கும் இரு தரப்பையும் பிரிக்கும் ஏற்பாடு பெயரளவில்தான் இருந்தது.

ஆனால் வேலி போடுவது மட்டுமே தீர்வாகாது என்பதை 1989 ஏப்ரல் 15இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கம் காட்டியது. ரசிகர்கள் திடலுக்குள் புகாமலிருக்க எழுப்பிய கம்பி வேலியே அவர்களைத் தப்பவிடாமல் தடுத்தது. 97 பேர் இறந்தனர். முதலில் ரசிகர்கள்மீதே பழி சுமத்தப்பட்டது. 2016இல் புதிய விசாரணையின் நடுவர் குழு, ரசிகர்கள் காரணமல்லர் என முடிவு சொன்னது. இந்த விபத்துக்குப் பின்பே இங்கிலாந்தின் பெரிய அரங்குகளில் வேலிகள் அகற்றப்பட்டு, அனைவருக்கும் இருக்கை கட்டாயமானது.

வெளியூர் ரசிகர்களை வரவே விடாமல் தடுப்பதும் ஒரு வழியாகக் கையாளப்படுகிறது. அர்ஜென்டினா 2013 முதல் இவ்வாறு செய்தது. ஆனால் 2022 அக்டோபர் 1இல் இந்தோனேசியாவின் மலாங் பகுதியில் அரேமா, பெர்செபயா அணிகள் மோதியபோது பெர்செபயா ரசிகர்களுக்கு அனுமதியில்லை. தோல்வியடைந்த உள்ளூர் அணியின் ரசிகர்கள் திடலுக்குள் இறங்கினர். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. ஃபிஃபாவின் அரங்கப் பாதுகாப்பு விதிகள் அதை அனுமதிப்பதில்லை. வெளிவாயில்களில் நெரிந்து 135 பேர் இறந்தனர். எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லாத அரங்கிலும், வாயிலும் காவலும் சரியில்லையெனில் உயிர் போகும் என்பதற்கு இது சான்று.

இன்றைய நிலை

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபின், சொந்த அணிக்காக வேறு மாநிலம் வரை பயணம் செய்யும் ரசிகர் கூட்டம் தென்னிந்தியாவிலும் பெருகியுள்ளது. சென்னை, பெங்களூரு, கொச்சி அணிகளின் ஆட்டங்களுக்கு இவ்வாறு பலர் செல்கின்றனர். 2023 பிப்ரவரியில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கில் பெங்களூரு, கேரள அணிகளின் ரசிகர்களிடையே கைகலப்பு நிகழ்ந்தது.

மறுபுறம், பகைமை மாறாத ஒன்றன்று என்பதையும் கொல்கத்தாவே காட்டியது. 2024 ஆகஸ்ட் 18இல் நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம், பாதுகாப்புக்குப் போதிய காவலர் இல்லையெனக் கூறி ரத்து செய்யப்பட்டது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதற்கு எதிராக நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அன்று மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களின் ரசிகர்களும் சால்ட் லேக் அரங்கின் வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டனர்.

ஊர்த் திடல்களுக்கான பாடம்

இப்பாடம் பெருநகரங்களுக்கு மட்டும் உரியதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் தச்சங்குறிச்சி, விராலிமலை முதலிய ஊர்களில் நடக்கும் ஜல்லிக்கட்டில் பார்வையாளர்களுக்கும் களத்துக்கும் இடையே இரட்டைத் தடுப்பு அமைப்பது விதியாகவே உள்ளது. கூட்டம் எங்கே நிற்க வேண்டும், எந்த வழியாக வர வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே முடிவு செய்கிறது. பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டி ஊர்தோறும் நடக்கும் கால்பந்து, கபடிப் போட்டிகளில் இத்தகைய முன்னேற்பாடு அரிது. அங்கும் வெளியூர் அணியுடன் வேன் பிடித்து ஆதரவாளர்கள் வருகிறார்கள். அங்கும் நடுவரின் ஒரு முடிவில் குரல்கள் உயர்கின்றன.

வெளியூர்க்காரர்களுக்குத் தனி இடமும் தனி வழியும் ஒதுக்குதல், வெளிவாயில்களை ஆட்டம் முடியும் வரை பூட்டாமல் வைத்தல், கேலரியில் சண்டை மூண்டால் உடனே ஆட்டத்தை நிறுத்தும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல், ஆட்டம் முடிந்ததும் வந்தவர்களை முதலில் பாதுகாப்பாக வழியனுப்புதல் ஆகியவற்றுக்குப் பெரும் செலவு ஆவதில்லை. போட்டியை நடத்தும் ஊரார், வந்த அணியைப் போலவே அதன் ரசிகர்களையும் விருந்தினராகக் கருதினால் இவை அனைத்தும் இயலும். 1980இல் ஈடன் கார்டன்ஸில் இவற்றுள் இரண்டு மூன்று இருந்திருந்தாலும் இறந்தோர் எண்ணிக்கை குறைந்திருக்கும்.