இரண்டு குழாய்களுக்கு நடுவே

போன மழைக்காலத்தில் காரைக்காலில் எங்க பழைய வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியது. பிளம்பர் அண்ணன் பூச்சை உடைத்துப் பார்த்தார். ஜி.ஐ. பைப் நடுவில் நன்றாகத்தான் இருந்தது. எல்போவுக்குள் போகிற மரையைத்தான் துரு தின்றிருந்தது. "பைப்பு நடுவுல சாகாது தம்பி, ஜாயின்ட்லதான் சாகும்" என்றார்.

காரணம் எளிது. மரை வெட்டினால் பைப்பின் சுவர் மெலிந்துவிடும், மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சும் போய்விடும். உப்புக்காற்றும் ஈரமும் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தேடினேன். குழாயின் வரலாறு என்பதே இணைப்பின் வரலாறுதான் போல. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகு, இடைவெளியை அடை. இவ்வளவுதான் விஷயம். கீழடியில் 2019இல் கிடைத்த சுடுமண் குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியவைதான். ரோமானியர்கள் ஈயத்தில் குழாய் செய்தார்கள். இலத்தீனில் ஈயம் 'ப்ளம்பம்'. நாம் சொல்லும் பிளம்பரும், 1954 வரை இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் 'ப்ளோம்பியே'வும் அதிலிருந்து வந்தவையே.

1785இல் லண்டனில் தாமஸ் சிம்ப்சன் வார்ப்பிரும்புக் குழாயின் ஒரு முனையை மணிபோல விரித்து, அடுத்ததை அதற்குள் செருகினார். அந்த வகை இணைப்பில் இடைவெளியைச் சணலும் உருக்கிய ஈயமும் அடைத்தன. 1841இல் விட்வொர்த் மரைகளுக்கு ஒரே அளவை முன்வைத்தார். இன்றைக்கும் நம்மூர் ஜி.ஐ. பைப் மரையின் கோணம் அவருடைய 55 பாகைதான். அங்கேயும் கசிவை நிறுத்துவது மரையில் சுற்றுகிற சணலோ டேப்போதான்.

இந்த வரிசையில் புதுசு பிரஸ்-ஃபிட். ஸ்வீடனில் 1950களில் தோன்றிய யோசனை. ஜெர்மனியின் மன்னெஸ்மன் நிறுவனம் எஃகுக் குழாய்க்குக் கொண்டுவந்தது. 1995இல் வீகா செம்புக் குழாய்க்கும் கொண்டுவந்தது. மரையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. ஃபிட்டிங்கின் வாயில் ஒரு ரப்பர் ஓ-ரிங். பைப்பைச் செருகி, கருவியின் தாடையால் கவ்வி அழுத்தினால் சில நொடியில் வேலை முடிந்தது. அதற்கப்புறம் கழற்ற முடியாது. தப்பானால் வெட்டி எடுக்கணும்.

அண்ணனிடம் வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். "அப்ப என் கைக்கு என்ன வேலை?" என்றார். நாற்பது வருஷமாக ரெஞ்சை எங்கே நிறுத்தணும் என்று அறிந்த கை அது.

கைக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. பைப்பை நேராக வெட்டணும். பிசிறு எடுக்கணும், இல்லாவிட்டால் அது ஓ-ரிங்கைக் கிழித்துவிடும். எவ்வளவு ஆழம் போகணுமென்று கோடு போட்டுத்தான் செருகணும். அழுத்த மறந்த ஒரு இணைப்பு சுவருக்குள் போனால் வீடு மறுபடி நனையும். உப்புநீர் ஊரில் எஃகின் ரகத்தையும் பார்க்கணும்: 304ஐ விட மாலிப்டினம் கலந்த 316 குளோரைடைக் கூடுதலாகத் தாங்கும்.

ஆனால் அந்தக் கருவியை வாங்குவது தனியாளாக வேலை செய்பவருக்கு லேசில்லை. எங்க வீட்டுக்கு அண்ணன் கடைசியில் சிபிவிசி பைப்பைத்தான் போட்டார். பசை காய்ந்தபின் தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்தி, ராத்திரி முழுக்கச் சுவரைத் திறந்தே விட்டார். காலையில் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால் தடவிப் பார்த்தபிறகுதான் கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார்.