குல்ஃபியும் ஏழு நாள் கூலியும்

இங்கே லக்னோவில் குல்ஃபி பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அக்பரில்தான் ஆரம்பிப்பார்கள். பாதுஷா வெடியுப்பைக் கரைத்து அதில் பாலை உறைய வைத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு, எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும் :-)

அபுல் ஃபஸல் எழுதிய அயினி அக்பரியில் வெடியுப்பு வருகிறது, தண்ணீரைக் குளிர்விக்க. இரண்டரை சேர் வெடியுப்பு, ஐந்து சேர் தண்ணீர். அந்தக் கலவையில் ஒரு சேர் தண்ணீர் உள்ள கூஜாவைக் கால் மணி நேரம் ஆட்டினால் ஜில்லென்று ஆகிவிடும். அவ்வளவுதான். வடக்கத்தி வெயிலில் பால் அதில் கட்டியாகாது. குல்ஃபிக்கு ஐஸும் வேண்டும், உப்பும் வேண்டும். உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 20 டிகிரி வரைகூட இறங்கும். சுண்டக் காய்ச்சிய பாலைத் தகரக் குப்பியில் ஊற்றி, மூடி, விளிம்பில் மாவு பூசி, அந்தக் கலவைக்குள் புதைக்க வேண்டும். கடைவது கிடையாது. உள்ளே காற்று புகாததால்தான் குல்ஃபி அவ்வளவு கெட்டியாக இருக்கிறது, மெதுவாக உருகுகிறது.

சரி, ஐஸ் எங்கிருந்து வந்தது? 1586-ல் அரசவை லாகூர் போன பிறகு, வடக்கு மலைகளிலிருந்து படகிலும் வண்டியிலும் ஆள் சுமையாகவும் வந்தது. ஆள் சுமை என்றால் 14 கட்டங்களுக்கு 28 பேர். வண்டியில் வந்தால் மழைக்காலத்தில் ஒரு சேர் ஐஸுக்கு 14 தாமுக்கு மேல் ஆனது. (40 தாம் ஒரு ரூபாய்.) அதே நூலின் கூலிப் பட்டியலில் சாதாரணக் கூலியாளுக்கு நாளைக்கு 2 தாம். ஆக, சுமார் 600 கிராம் ஐஸுக்கு ஏழு நாள் கூலி! கோடையில் எல்லாத் தரப்பினரும் ஐஸ் பயன்படுத்தினார்கள் என்கிறார் அபுல் ஃபஸல். என் கணக்கு அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. சுமந்து வந்த 28 பேரும் அதை நாக்கில் வைத்திருப்பார்களா?

சமவெளியிலும் ஐஸ் எடுத்திருக்கிறார்கள். 1775-ல் ராபர்ட் பார்க்கர் அதை விவரித்து எழுதினார். குளிர்கால இரவில் குழிகளில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மண் தட்டுகளில் தண்ணீர் வைப்பார்கள். விடிவதற்குள் உறைந்த ஏடுகளை எடுத்து, நிலத்தடிக் குழியில் கோடைக்குச் சேமிப்பார்கள். இதுவும் ஆள் பலத்தால் நடந்த வேலைதான்.

1833-ல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் கல்கத்தாவுக்கு ஐஸ் வந்தது. நம்ம மெரினா ஐஸ் ஹவுஸ் (இப்போது விவேகானந்தர் இல்லம்) அந்த வியாபாரத்துக்காக 1840-களில் எழுந்தது. 1870-களில் மதராஸிலும் கல்கத்தாவிலும் இயந்திர ஐஸ் வந்தது. கப்பல் ஐஸ் கடையைக் கட்டியது.

குல்ஃபியின் சரித்திரம் என்பது ஐஸ் விலையின் சரித்திரம்தான் என்பது என் கட்சி. பாலும் பிஸ்தாவும் அக்பர் காலத்திலும் இருந்தன. அதைத் தள்ளுவண்டிக்குக் கொண்டுவந்தது பாதுஷா இல்லை, ஐஸ் ஃபேக்டரி. அடுத்த தடவை குல்ஃபி வாங்கும்போது பானைக்குள் எட்டிப் பாருங்கள். அன்று ஒருவன் ஒரு வாரம் உழைத்தாலும் வாங்க முடியாத ஐஸ், சும்மா உருகிக்கொண்டிருக்கும்.