அதிவேகக் காற்றுச் சுரங்கங்களில் ஓட்டத்தின் தரம்

ஒலியை விஞ்சும் காற்றில் ராக்கெட், விமான மாதிரிகளைச் சோதிக்கும் சுரங்கத்தில் காற்று எவ்வளவு சீராகவும் உலர்ந்தும் இரைச்சலின்றியும் பாய்கிறது என்பதே ஓட்டத்தின் தரம். பெருமையாகச் சொல்லப்படுவது என்னவோ, காற்று ஒலியைப் போல் எத்தனை மடங்கு வேகத்தில் பாய்கிறது என்று காட்டும் மாக் எண்தான். அளவீட்டை நம்பலாமா என்பது தரத்தைப் பொறுத்தது.

முதலில் பிடிபட்ட குறை ஈரம். 1935இல் ரோமில் நடந்த வோல்டா மாநாட்டில் ஜெர்மன் விஞ்ஞானி லுட்விக் பிராண்டில் காட்டிய படத்தில், காற்றை வேகப்படுத்தும் குழாயான நாசிலுக்குள் எக்ஸ் வடிவில் அதிர்வலைகள் தெரிந்தன. காற்றிலிருந்த நீராவி சட்டென்று துளிகளாகி வெப்பத்தைக் கக்கியதே காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. கடலோரத்தில், புழுக்கமான நாளில் ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். 27 டிகிரி செல்சியஸில் தேக்கிய காற்று மாக் 3இல் பாயும்போது மைனஸ் 166 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும்; ஈரம் ஆவியாகவே நிற்க வழியில்லை. ஆகவே காற்றைத் தொட்டியில் அடைக்குமுன் உலர்த்தியாக வேண்டும். மாக் 5ஐத் தாண்டினால் காற்றே திரவமாகும் அபாயம் உண்டு, சூடாக்கவும் வேண்டும்.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சதீஷ் தவான். அதே நகரின் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் 1.2 மீட்டர் சுரங்கம் 1967இல் இயங்கத் தொடங்கியது. அதன் எல்லை மாக் 4, அதாவது காற்றே திரவமாகும் அபாயத்துக்குக் கீழே.

உலர்ந்த காற்றிலும் இரைச்சல் இருந்தது. சுரங்கச் சுவரையொட்டிக் கொந்தளிக்கும் எல்லைப்படலமே ஒலியைப் பரப்புகிறது என்று 1961இல் ஆய்வாளர் ஜான் லாஃபர் காட்டினார். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உள்ள மாக் 6 அமைதிச் சுரங்கத்தில் நாசிலைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, படலத்தை நாசிலின் குறுகலான பகுதியான தொண்டைக்கு முன்பே உறிஞ்சி எடுக்கிறார்கள். சாதாரணச் சுரங்கங்களில் 1 சதவீதத்தைத் தாண்டும் அழுத்த ஏற்ற இறக்கம் அங்கே 0.05 சதவீதத்துக்கும் கீழே நிற்கிறது.

2024இல் கான்பூர் ஐ.ஐ.டி. அறிவித்த எஸ்2 சுரங்கத்தின் செல்லப்பெயர் ‘ஜிகர்தண்டா’. 24 மீட்டர் நீளமுள்ள இந்த விரிவுச் சுரங்கம், நொடிக்கு 3 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். வாயுவை அழுத்துவதற்காக மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் சீறிவரும் பிஸ்டனை 6.5 மீட்டர் குழாயின் முடிவில் அலுங்காமல் நிறுத்தியதுதான் அதில் கடினமான வேலை. இவ்வகைச் சுரங்கத்தில் ஆய்வு வாயுவை முற்றிலும் நிறுத்திச் சூடாக்குவதில்லை. அதனால் வெப்பத்தில் மூலக்கூறுகள் உடைவது குறைகிறது. ஆனால் இங்கும் இரைச்சல் உண்டு: பிஸ்டன் அழுத்தும், ஆய்வு வாயுவைத் தள்ளும் வாயுவின் ஒலியலைகள் ஆய்வு வாயுவுக்குள் நுழைந்துவிடக்கூடும். இரண்டு வாயுக்களும் சந்திக்கும் இடத்தில் ஒலியின் வேகம் போதிய அளவு உயர்ந்தால் அவை தடுக்கப்படும் என்று ஆய்வாளர்களான பாலும் ஸ்டாக்கரும் 1992இல் விளக்கினர்; வாயுக்களையும் அழுத்தங்களையும் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.