பகா எண்: உங்கள் பாஸ்வேர்டின் காவல்காரன்

பங்காருபேட்டையில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? வழியில் ஒரு கணக்கு. 17-ஐயும் 19-ஐயும் பெருக்கினால் 323. ஈஸி. ஆனா, 323 எந்த இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது என்று கேட்டால்? கொஞ்சம் திணறுவோம். இரண்டுமே பகா எண்கள். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும்.

இதையே சுமார் 300 இலக்கப் பகா எண்களால் செய்தால் அதுதான் ஆர்எஸ்ஏ பூட்டு. மொபைலில் தட்டும் பாஸ்வேர்டைப் பல தளங்களில் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

எந்த எண்ணும் பகா எண்தானா என்பதைச் சந்தேகமின்றி, வேகமாகச் சோதிக்க முடியும் என 2002-ல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பெருக்கி வந்ததைப் பிரிக்கத்தான் சாதாரண கம்ப்யூட்டரில் வேகமான வழி யாருக்கும் தெரியாது. வழியே இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. நம் பூட்டு தொங்குவது அந்த இடைவெளியில்தான்.