ஐந்தெழுத்து மந்திரம்

ராத்திரி பகலாக உட்கார்ந்து குழந்தைகளுக்காக ஒரு கதை எழுதுகிறீர்கள். பதிப்பகத்துக்கு அனுப்பி வைக்கிறீர்கள். கொஞ்ச நாள் கழித்து அது திரும்பி வருகிறது. பிரித்துப் பார்த்தால், ஓரத்தில் அங்கங்கே ஐந்தே எழுத்துக்கள்... என்.ஜி.இ.எஃப்.ஒய்!

'இது என்ன மொழி?' என்று முழிக்க வேண்டாம். 'நாட் குட் இனஃப் ஃபார் யூ' என்பதன் சுருக்கம் அது. உங்கள் தரத்துக்கு இது போதாது என்று அர்த்தம். கவனித்தீர்களா? மோசம் என்று சொல்லவில்லை. 'உங்களால் இதைவிட நன்றாக எழுத முடியும், எனக்குத் தெரியும்' என்கிறார்கள். திட்டு மாதிரியும் இருக்கிறது, பாராட்டு மாதிரியும் இருக்கிறது! கோபித்துக்கொள்ளவா முடியும்? மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டியதுதான்.

அந்த ஐந்தெழுத்துக்குச் சொந்தக்காரர் அர்சுலா நார்ட்ஸ்ட்ராம். நியூயார்க்கில் 'ஹார்ப்பர்' என்ற பெரிய பதிப்பகத்தில், 1940-லிருந்து 1973 வரை சிறுவர் நூல் பிரிவின் தலைவி. இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் படிக்கிற 'சார்லட்ஸ் வெப்', 'குட்நைட் மூன்', 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்', 'தி கிவிங் ட்ரீ' எல்லாமே அவர் மேஜையைத் தாண்டி வந்தவைதான்.

அர்சுலா பிறந்தது 1910-ல். அப்பா, அம்மா இருவருமே மேடை நடிகர்கள். அவர்கள் பிரிந்துவிட, சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட குழந்தை. கல்லூரிப் பட்டம் கிடையாது. 1931-ல் ஹார்ப்பரின் பாடப்புத்தகப் பிரிவில் சாதாரண குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1936-ல் சிறுவர் பிரிவுக்கு உதவியாளராக மாறி, முப்பது வயதில் தலைவியாகிவிட்டார்.

அங்கேதான் சிக்கல்! அந்தக் காலத்து அமெரிக்காவில் சிறுவர் புத்தகத்தின் தலையெழுத்தை எழுதியவர்கள் நூலகர்கள். அவர்கள் வாங்கினால் புத்தகம் பிழைக்கும். அதிலும் நியூயார்க் பொது நூலகத்தின் ஆன் கரோல் மூர் என்ற அம்மையார் முகம் சுளித்தால், பதிப்பாளர்களுக்கு வயிறு கலங்கும். 1941-ல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் செல்வாக்கு குறையவில்லை. 1945-ல் அர்சுலா வெளியிட்ட 'ஸ்டூவர்ட் லிட்டில்' - மனிதக் குடும்பத்தில் எலி போல ஒரு பிள்ளை பிறக்கிற கதை - வேண்டவே வேண்டாம் என்று ஆசிரியர் வீட்டுக்கே நீண்ட கடிதம் எழுதினார் மூர். 1947-ல் வந்த 'குட்நைட் மூன்' அந்த நூலகத்துக்குள் நுழைந்தது எப்போது தெரியுமா? 1972-ல்!

ஒரு முறை செல்வாக்குள்ள நூலகர் ஒருவர் அர்சுலாவிடமே கேட்டுவிட்டார். 'நீ டீச்சர் இல்லை, நூலகர் இல்லை, பட்டம் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. எந்தத் தகுதியில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறாய்?'

நானும் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்தவள்தான், அதில் எதையும் மறக்கவில்லை என்று பதில் சொன்னாராம் அர்சுலா. விடுதியில் தனியாகப் படுத்திருந்த ராத்திரிகளை எப்படி மறப்பது?

எழுத்தாளர்களிடம் அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான். 'பெரியவர்கள் பேச்சைக் கேள், பல் தேய், பொய் சொல்லாதே' வகைக் கதைகள் அவருக்கு ஆகாது. கோபம், பயம், பொறாமை, தனிமை... குழந்தை மனசுக்குள் நிஜமாக என்ன ஓடுகிறதோ அது வேண்டும். கெட்ட பிள்ளைகளுக்கு நல்ல புத்தகங்கள் என்பதுதான் அவருடைய கொள்கை!

கதை முழுசாக வர வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. பொம்மைக் கடையில் கண்ணாடி ஜன்னல் அலங்காரம் செய்துகொண்டிருந்த மாரிஸ் செண்டாக் என்ற இளைஞரின் படங்களை 1950-ல் பார்த்தார். உடனே வேலை கொடுத்தார். பின்னாளில் செண்டாக், காட்டுக் குதிரைகளைப் பற்றி ஒரு கதை ஆரம்பித்தார். கஷ்டம் என்னவென்றால், அவருக்குக் குதிரை வரைய வரவில்லை! 'சரிப்பா, வேறு என்னதான் வரைய வரும்?' என்று அர்சுலா கேட்க, குதிரைகள் பூதங்களாயின. 1963-ல் வந்த அந்த 'வைல்ட் திங்ஸ்' மறு வருடமே கால்டெகாட் பதக்கம் வாங்கியது.

1952-ல் ஈ.பி. ஒயிட் 'சார்லட்ஸ் வெப்' கதையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பன்றிக்குட்டியைக் காப்பாற்றிய சிலந்தி, கடைசியில் செத்துப்போகிறது. குழந்தைக் கதையில் சாவா? அர்சுலா அதில் கை வைக்கவே இல்லை. 'சார்லட்டின் மரணம்' என்றிருந்த அத்தியாயத் தலைப்பை மட்டும் 'கடைசி நாள்' என்று மாற்றச் சொன்னார். முன்கூட்டியே சொல்லிவிட்டால் குழந்தை ஏமாந்துபோகுமே! சாவை மறைக்க வேண்டாம், அது வருகிற இடத்தில் வரட்டும். ஒரு நல்ல எடிட்டரின் வேலை இவ்வளவுதான்... இவ்வளவும்தான்!

1970-ல் செண்டாக்கின் 'இன் தி நைட் கிச்சன்' வந்தது. அதில் ஒரு பொடியன் அம்மணமாக வருகிறான். சில நூலகர்கள் பெயின்ட் எடுத்து அவனுக்கு டயப்பர் வரைந்துவிட்டார்கள்! சிரித்துவிட்டுப் போகவில்லை அர்சுலா. 1972-ல் எழுத்தாளர்கள், ஓவியர்கள், நூலகர்கள் என்று நூற்றுக்கணக்கானோரிடம் கையெழுத்து வாங்கிக் கண்டன அறிக்கை விட்டார். குழந்தைக்கும் புத்தகத்துக்கும் நடுவே யாரும் பெயின்ட் டப்பாவோடு நிற்கக்கூடாது என்பது அவர் கட்சி.

பெரியவர்கள் புத்தகப் பிரிவுக்குப் பதவி உயர்வு தருவதாகச் சொன்னபோதும், முடிந்துபோன மந்தமான பெரியவர்களுக்காகப் புத்தகம் போட இஷ்டமில்லை என்று மறுத்துவிட்டாராம்.

அவரும் ஒரே ஒரு சிறுவர் நாவல் எழுதினார். 1960-ல் வந்த 'தி சீக்ரெட் லாங்வேஜ்'. விடுதிப் பள்ளியில் வீட்டு ஏக்கத்தோடு தவிக்கும் ஒரு சிறுமியின் கதை. யாருடைய கதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இரண்டாம் பாகமும் எழுத ஆரம்பித்தார். ஆனால் அது வெளிவரவே இல்லை. திருப்தியில்லாமல் பிரதியைத் தானே அழித்துவிட்டார்.

1988-ல் இறந்துபோன அர்சுலா, அடுத்தவர்களின் எழுத்துக்கு எத்தனை முறை அந்த ஐந்தெழுத்தைப் போட்டாரோ! தன் எழுத்துக்குப் போட வேண்டி வந்தபோதும், அவர் கை நடுங்கவில்லை.